கல்லுக்கு அந்தப் பக்கத்திலிருந்து

யசோ பாப்பா,

கையெழுத்தைப் பார்த்து அம்மா எழுதியது என்று நினைத்துக்கொள்ளாதே. எழுதுகிற கைதான் அவளுடையது, பேச்சு என்னுடையது. என் வலது கை, மடியில் யாரோ வைத்துவிட்டு மறந்துபோன சாமான் மாதிரி கிடக்கிறது. இடது கையால் எழுதிப் பார்த்தேன், எனக்கே படிக்க வரவில்லை. அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உன் அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டில் தலைமாட்டில் உட்காருவாள், நான் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பிடித்துக் கொடுப்பேன். வராத வார்த்தையை அவள் எடுத்துக்கொடுப்பாள். தப்பாக எடுத்துக்கொடுத்தால் கத்துவேன். "கத்தறதுக்கு மட்டும் வாய் ஜோரா வருது, பேசறதுக்குத்தான் வரமாட்டேங்குது" என்பாள். இதையும் எழுது என்றேன். முறைத்துக்கொண்டே எழுதியிருக்கிறாள்.

போன வாரம் நீ அவளிடம் போனில் பேசியது எனக்குத் தெரியும். "டாடிகிட்ட சொல்லாத மம்மி" என்று நீ சொன்னதையும் சேர்த்துத்தான் என்னிடம் சொன்னாள். இந்த மாதக் கடைசியோடு ஆபரேஷன் தியேட்டருக்குள் கால் வைக்க மாட்டாயாம். எழுதிக் கொடுத்துவிட்டாயாம். அதே கம்பெனியில் ஏசி ரூமில் உட்கார்ந்து மெஷின் விற்கிற வேலை கேட்டிருக்கிறாயாம். அது நல்ல வேலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் காரணம் என்று ஒன்று சொன்னாயாமே, "அன்னிக்கு நான் நடுவுல நிறுத்தாம இருந்திருந்தா டாடிக்கு கை வந்திருக்கும்" என்று. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் ஒரு வார்த்தையைத் தேடி எடுப்பதற்குள் நீ அழ ஆரம்பித்துவிடுவாய், அப்புறம் நான் சொல்லவந்ததை விட்டுவிட்டு உன்னைச் சமாதானம் செய்யப் பார்ப்பேன். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

உன் வேலை என்னவென்று நீ எனக்கு முதன்முதலில் காட்டியது ஞாபகம் இருக்கிறதா? சேர்ந்த புதிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் மாரிகுப்பம் வந்து இறங்கி, தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல், "உக்காரு டாடி, காட்டறேன்" என்று என்னை நாற்காலியில் உட்காரவைத்தாய். மண்டைக்குள் நரம்பு வெடித்து ரத்தம் கட்டிக்கொண்டால் முன்பெல்லாம் மண்டையோட்டை அகலமாகத் திறப்பார்கள், இப்போது சில பேருக்குச் சின்னதாக ஓர் ஓட்டை போட்டு மெல்லிய குழாயை நேராக அந்தக் கட்டிக்குள் விட்டு உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள் என்றாய். போகிற வழியில் நல்ல மூளையில் அதிகம் படக் கூடாது, குழாய் பிடிக்கிற டாக்டருக்கோ உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஸ்கேன் படத்தை மெஷினில் ஏற்றி, அந்தப் படமும் மேஜையில் படுத்திருக்கிற ஆளும் ஒன்றுதான் என்று மெஷினுக்குப் புரியவைக்க வேண்டும். புரிந்துகொண்டால் குழாயின் முனை எங்கே போகிறது என்று டிவியில் தெரியும், போனில் வழி பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டுகிற மாதிரி. எப்படிப் புரியவைப்பாய் என்று கேட்டேன். நீ ஒரு பென்சிலை எடுத்து, அதன் மழுங்கிய பக்கத்தால் என் நெற்றியில் ஆரம்பித்து, புருவம், மூக்குத் தண்டு, கண்ணோரம், கன்னம் என்று மெதுவாகத் தடவிக்கொண்டே போனாய். "இப்படி மூஞ்சி முழுக்கத் தடவுனா மெஷினுக்கு நீ யாருன்னு தெரிஞ்சிரும். அப்புறம் மூக்கு மேல முனைய வெச்சா டிவிலயும் மூக்கு மேலயே நிக்கணும். நிக்கலேன்னா எல்லாம் வேஸ்ட்டு, மறுபடி மொதல்லேர்ந்து." எனக்குக் கூச்சம் தாங்காமல் சிரித்துவிட்டேன். "ஆடாத டாடி, பேஷண்ட் சிரிக்கக் கூடாது" என்று அதட்டினாய். இது எங்க மைன்ஸ் சர்வே மாதிரியே கீதே என்று நான் வாயைத் திறந்தேன். "போச்சு, மைன்ஸ் கதை ஆரம்பிச்சிட்டாரு மம்மி!" என்று பென்சிலை என் மடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாய். அன்றைக்கு நான் சொல்லவந்ததைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

அதற்கு முன்னால் அந்தக் காலையைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு அது பாதிதான் தெரியும். இட்லி தின்றுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தேன். தலைக்குள்ளேயா தரைக்கடியிலா என்று தெரியாமல் 'தும்'மென்று ஒரு அதிர்வு. வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பியது. தங்க மைன்ஸ் மூடி இத்தனை வருஷமாகியும் அடியில் தண்ணீர் ஏறிக் கிடக்கிற சுரங்கங்கள் எப்போதாவது சரியும், தொழிலாளர் லைன் வீடுகளெல்லாம் ஒரு குலுக்குக் குலுங்கும், அதற்கு நம் ஊரில் பர்ஸ்ட் என்று பெயர், இதெல்லாம் நீ தொட்டிலிலேயே அறிந்தது. பர்ஸ்ட் வந்தால் ஓடக் கூடாது. நிலைப்படிக்குக் கீழே உட்கார வேண்டும், கல் பேசி முடிக்கிறவரை அசையக் கூடாது, இரண்டாவது ஒன்று வரும், அதுவும் அடங்கிய பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். கீழே இறங்கி வேலை செய்தவன் ஒவ்வொருவனும் தன் பெண்டாட்டி பிள்ளைக்குச் சொல்லிவைத்த பாடம் அது. உனக்கும் சொல்லியிருக்கிறேன். நான் தடுமாறி வாசல்வரை போய் உட்கார்ந்து, உன் அம்மாவைக் கூப்பிட்டு, மணிக்கட்டைப் பிடித்து என் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டேன்.

"பர்ஸ்ட்டு. குந்து, அசையாத" என்றேன்.

"இன்னாங்க, செல்ப்புல டம்ளர் ஒண்ணுகூட ஆடலியே?" என்றாள்.

"சின்னது. இரு, ரெண்டாவது வரும்."

அவள் டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என்னை நம்பினாள். நாங்கள் இரண்டு பேரும் நிலைப்படியில் அந்த இரண்டாவதுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எந்த ஷிப்ட் கீழே இருக்கிறது, ஆளை ஏற்றி இறக்குகிற கேஜ் மேலே வந்ததா என்று நான் கேட்டேனாம். கேஜில் ஆள் இறங்கி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அப்போதுகூட, மனுஷனுக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது, சுரங்கத்தில் செத்துப்போன அண்ணனை நினைத்துக்கொண்டார் என்றுதான் இவள் நினைத்தாளாம். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோம் என்று இன்றுவரை அவளால் சொல்ல முடியவில்லை. அடுப்பில் வைத்த பருப்பு தண்ணீர் வற்றி, அடிப்பிடித்து, கரியாகிப் புகைந்திருந்தது, அதிலிருந்து நீயே புரிந்துகொள். எதிர்வீட்டு மேரி மார்க்கெட்டிலிருந்து பையோடு வந்தவள் நின்றாள்.

"இன்னாக்கா, ரெண்டு பேரும் வாசப்படில குந்திகினு கீறீங்க?"

"பர்ஸ்ட்டு வந்துச்சில்ல மேரி?"

"எங்க வந்துச்சு? ஒண்ணும் வரலியே. ஐயையோ, அண்ணே, வாய் இன்னா இப்படி கோணிக்கினு கீது!"

அதற்கப்புறம்தான் எல்லாம் ஓட்டம். ராபர்ட்சன்பேட்டையில் ஸ்கேன், தலைக்குள் இடது பக்கம் ரத்தம், பெங்களூரிலிருந்து போனில் நீ, "இங்க கூட்டிட்டு வாங்க, இப்பவே, இப்பவே" என்று கத்தியது, ஆம்புலன்ஸ். அதில் ஏறும்போதே என் வலது கை தொங்கிக்கொண்டிருந்தது என்கிறாள் அம்மா. தூக்கி மார்பின் மேல் வைத்தாள், விழுந்தது, மறுபடி வைத்தாள், விழுந்தது. கவனித்துப் படி பாப்பா. கை போனது நம் வீட்டு நிலைப்படியில். உன் தியேட்டருக்கு அது வரும்போதே போயிருந்தது. இதை எழுதும்போது உன் அம்மா பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தாள். இப்போதெல்லாம் நான் தும்மினால்கூட அவள் முதலில் அந்த டம்ளர்களைத்தான் பார்க்கிறாள். அவளை நீ ஒரு வார்த்தை கேட்டுவிடாதே. அசையாதே என்று பிடித்து உட்காரவைத்தது நான்.

தியேட்டருக்குள் நடந்ததை நீ எங்களிடம் சொல்லவே இல்லை. மறு பரிசோதனைக்கு வந்தபோது டாக்டர்தான் சொன்னார். நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய். உன்னோடு வேலை செய்கிற பையன் வேறொரு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தானாம், அந்த மெஷினைத் தெரிந்தவள் அன்றைக்கு நீ ஒருத்திதான். சொந்த அப்பா, முடியுமா என்று கேட்டாராம், முடியும் சார் என்றாயாம். என் முகத்தைத் தடவி மெஷினுக்குக் காட்டியிருக்கிறாய். எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. பிறகு துணி போர்த்துகிற அவசரத்தில் யாருடைய இடுப்போ, தலைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த அந்த வெள்ளை உருண்டைக் கம்பியில் இடித்திருக்கிறது. மெஷின் அந்த உருண்டைகளைப் பார்த்துத்தான் தலை எங்கே இருக்கிறதென்று தெரிந்துகொள்கிறதாமே. அது நகர்ந்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை. நெற்றியில் ஓட்டையும் போட்டாகிவிட்டது, டாக்டர் கையில் குழாயை எடுத்துவிட்டார். அந்த நேரத்தில் நீ, ஒரு தடவை மூக்கில் வைத்துப் பார்த்துவிடலாம் சார் என்றிருக்கிறாய். வைத்தால், மூக்கின் மேல் நிற்க வேண்டிய முனை டிவியில் மூக்குக்குப் பக்கத்தில், வெறும் காற்றில் நின்றிருக்கிறது.

"நிறுத்துங்க சார்னு சொன்னாங்க. எனக்குக் கோபமே வந்துச்சு" என்றார் டாக்டர். அவர் கன்னடக்காரர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுகிறார். "ரத்தம் மூளையை அழுத்திக்கிட்டே இருக்கு, ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். ஷூரா அப்படின்னு கேட்டேன். நகர்ந்திருக்கு சார், மொதல்லேர்ந்து போடணும்னாங்க. துணியெல்லாம் விலக்கி மறுபடி உங்க முகத்தைத் தடவினாங்க. அந்தப் பழைய கணக்குல போயிருந்தேன்னா, கட்டியை ஓரமா உரசிக்கிட்டுத் தாண்டிப் போயிருப்பேன். நல்ல மூளைக்குள்ள." கை வராதது அந்த நேரத்தால் அல்ல, கட்டியே அதன் வேலையை முன்பே செய்துவிட்டது என்றும் சொன்னார். இதை உன்னிடமும் சொன்னாராம். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நீ நம்பவில்லையாம். டாக்டரை நம்பாதவள் என்னையாவது நம்பு, ஏனென்றால் நான் சொல்லப்போவது ஆறுதல் இல்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்குத் தலைக்குள் ஒரு தட்டல் கேட்கிறது. ஓட்டை போட்ட பக்கத்தில், விட்டு விட்டு, சின்னச் சுத்தியால் கல்லில் தட்டுகிற மாதிரி. ரத்த ஓட்டம்தான், போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். அதுதான் என்று எனக்கும் தெரியும். புத்த விகாரையில் பஞ்சசீலம் சொல்லி வளர்ந்த குடும்பம் நாம். பேய், பிசாசு, ஆவி என்று யாராவது நம் வாசலில் பேசினால் விரட்டியடிப்பேன். பழைய சுரங்க ஷாஃப்ட் பக்கம் போக நீ பயந்தபோது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பாரு, கம்பியும் துருவும் தவிர ஒண்ணுமில்ல என்று காட்டியவன் நான். அப்படிப்பட்டவன் இப்போது மத்தியானத்தில், லைன் முழுக்க ஓய்ந்து கிடக்கிற நேரத்தில், இடது கை விரலை மடக்கிக் கட்டில் சட்டத்தில் பதிலுக்குத் தட்டிக்கொண்டிருக்கிறேன். "யாருக்குங்க பதில் சொல்றீங்க?" என்று உன் அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள் ஒருநாள். ஒண்ணுமில்ல, கொசு என்றேன். அவள் நம்பவில்லை, நானும் அதற்குமேல் புளுகவில்லை. என் அண்ணன் ஆனந்தனுக்குத்தான்.

உன் பெரியப்பா பர்ஸ்டில் போனான் என்பது உனக்குத் தெரியும். சுவரில் போட்டோ இருக்கிறது. கல் விழுந்து மூடியது, தோண்டிப் போவதற்குள் முடிந்துவிட்டது என்று இவ்வளவுதான் எல்லோரும் சொல்வோம். அது பொய் இல்லை, ஆனால் பாதி. அவன் ட்ரில் பிடிக்கிறவன், நான் அவனுக்குப் பின்னால் சேர்ந்தவன், வேறு இடத்தில் வேலை. கல் இடிந்து அவன் இருந்த பக்கம் அடைத்துக்கொண்டபோது, பக்கத்து வழியிலிருந்து ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து குடைந்து போவது என்று முடிவானது. நானும் கெஞ்சிக் கூத்தாடி அந்தக் கும்பலில் சேர்ந்துகொண்டேன், கல் அள்ளிப் போடுகிற வேலை. கல்லுக்குள் போகிறவனுக்கும் எதிரில் என்ன இருக்கிறதென்று தெரியாது பாப்பா, உன் டாக்டருக்குத் தெரியாத மாதிரி. கூரையில் அடித்த ஆணிகளில் நூல் கட்டித் தொங்கவிட்டு, வரைபடத்தோடு ஒப்பிட்டு, இந்தத் திசையில் போ என்று சர்வேக்காரர் காட்டுவார். அவர் காட்டிய திசையில் போனோம். போகப் போகத் தட்டல் கேட்டது. அண்ணன் உயிரோடு இருந்தான், அந்தப் பக்கத்திலிருந்து சுத்தியால் தட்டினான். நாங்கள் பதிலுக்குத் தட்டினோம். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

நடுவில் கல் இன்னொரு தரம் குலுங்கியது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் சர்வேக்காரர் கூரையைத் தடவிப் பார்த்துவிட்டு, ட்ரில் மெஷினைப் பின்னால இழுங்க என்றார். ஆணி நகர்ந்திருக்கலாம், தூரத்திலிருந்து மறுபடி நூல் பிடித்து அளந்துகொண்டு வர வேண்டும், அதுவரை குடையக் கூடாது என்றார். தட்டல் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது, இவர் நூல் பிடிக்கப் போகிறேன் என்கிறார். "ஆள் உள்ள தட்றான், நீ நூலு கட்றேங்கிற! அறிவு கீதா?" என்று ஒருத்தன் கத்தினான். அப்புறம் எல்லோரும் கத்தினோம். அதில் என் குரல்தான் பெரிது, ஏனென்றால் உள்ளே இருந்தது என் அண்ணன். சத்தம் வருகிற பக்கம் போனால் போதாதா, அதற்கு அளவு எதற்கு என்று கேட்டேன். கல்லுக்குள் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதால் சொல்லவே முடியாது, எங்கள் வேலையில் அது எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்தார். நூலைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்துகொண்டார். குடைந்தோம். தட்டல் முன்னாலிருந்து கேட்டது, பிறகு பக்கத்திலிருந்து கேட்டது, பிறகு பின்னாலிருந்து கேட்டது. பிறகு கேட்கவில்லை.

வேறு வழியாகச் சுற்றிப் போய் அவனை எடுத்தபோது சுத்தி அவன் கையிலேயே இருந்தது. எங்கள் பொந்துக்கும் அவனுக்கும் நடுவில் இருந்த கல், நான் கையை நீட்டினால் எட்டிவிடுகிற கனம். இதுவரைக்கும் உன் அம்மாவுக்குத் தெரியும். இனிமேல் சொல்வதை அவளே இப்போதுதான் கேட்கிறாள். விளக்கைத் தூக்கி அவன் பக்கத்துச் சுவரைப் பார்த்தேன். சுத்தி பட்ட இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருந்தது. ஆனால் ஒரே இடத்தில் இல்லை. அந்த வெள்ளைத் தடம் சுவரோடு வரிசையாக நகர்ந்து போயிருந்தது. எங்கள் ட்ரில் சத்தம் அவனைக் கடந்து போகப் போக, அவன் தவழ்ந்து தவழ்ந்து சத்தத்தின் பின்னாலேயே தட்டிக்கொண்டு போயிருக்கிறான். இங்க கீறேன், இங்க கீறேன் என்று. சுவர் முடிகிற மூலைவரைக்கும். அந்தத் தடத்தை நான் முப்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன்னைத் தூக்கிக் கொஞ்சும்போதும் பார்த்தேன், பெங்களூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போகிற ரயிலில் நின்றுகொண்டே தூங்கும்போதும் பார்த்தேன். யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது நான் சொல்லவந்த இடத்துக்கு வந்துவிட்டேன். மயக்க மருந்து கொடுத்தால் ஒன்றும் தெரியாது, கனவுகூட வராது என்கிறார்கள். இருக்கட்டும். நான் அங்கே இருந்தேன் யசோ. கல்லுக்கு அந்தப் பக்கம். இருட்டு, சூடு, வாயில் மண். பக்கத்தில் அண்ணன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், சுத்தியைக் கீழே வைத்திருந்தான். நான் தட்டட்டுமா என்று கேட்டேன், வேணாம் என்றான். அப்போது தூரத்தில் குடைகிற சத்தம் கேட்டது. மெல்லிசாக, நம்மை நோக்கி. எனக்கு மூச்சு வந்தது. உடனே அது நின்றுவிட்டது. "போச்சுண்ணா, வுட்டுட்டு பூட்டாங்க" என்றேன். அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டான். "இல்லடா. அளக்கறாங்க. இரு" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை உயிரோடிருந்தபோதுகூட நான் பார்த்ததில்லை. என் நெற்றியில், மூக்குத் தண்டில், கண்ணோரத்தில் ஏதோ மெதுவாகத் தடவிக்கொண்டு போனது. எனக்குக் கூசியது. பேஷண்ட் சிரிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு சத்தம் மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தரம் நேராக வந்தது.

மருந்தின் வேலை என்று நீ சொல்வாய். நான் மறுக்கப்போவதில்லை, உனக்குப் படிப்பு இருக்கிறது. ஆனால் போன தடவை நீ வந்தபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பேனாவை எடுத்துக் காட்டி, "டாடி, இது இன்னா?" என்று கேட்டாய். எனக்கு வார்த்தை வரவில்லை, கடப்பாரை என்றேன். நீ சிரித்தாய், பிறகு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாய். உன் அழுகை தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே கேட்டது. சாயங்கால ரயிலுக்குக் கிளம்புகிறவரை நீ என் வலது கைப் பக்கம் திரும்பவே இல்லை. அந்தக் கையை நீ தொலைத்தாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். என்னைப் பார்த்தால் உனக்கு அந்த நின்றுபோன நிமிஷங்கள்தான் ஞாபகம் வருகின்றன. எனக்கும் அந்த நிமிஷங்கள்தான் ஞாபகம் வருகின்றன. ஆனால் எனக்கு அவை வேறு. என் வாயால் என் அண்ணனுக்குக் கிடைக்காமல் போன நிமிஷங்கள் அவை. படுத்திருப்பது உன் அப்பன், டாக்டர் அவசரப்படுத்துகிறார், உனக்கும் உள்ளுக்குள் ஓடு ஓடு என்றுதான் அடித்திருக்கும். நான் அப்படித்தான் கத்தினேன். நீ கத்தவில்லை, நிறுத்துங்க என்றாய். எனக்குப் பிறந்த பெண் எங்கிருந்து அதைக் கற்றுக்கொண்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. என்னிடமிருந்து இல்லை.

வேலையை விடுவதும் விடாததும் உன் இஷ்டம். மெஷின் விற்கப் பிடித்தால் விற்றுக்கொள், உனக்குப் பேசத் தெரியும், வாங்குவார்கள். ஆனால் நீ நிறுத்தியதால் நான் இப்படி ஆனேன் என்று நினைத்துக்கொண்டு அந்தக் கதவுக்கு வெளியே போகாதே, அப்படிப் போனால் நான் உன்னை மன்னிக்க மாட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை வா. பங்காருபேட்டையில் நின்று வாங்குவாயே அந்த மிக்சரை வாங்காதே, எனக்கு உப்பு கூடாதாம். என் எதிரில் உட்கார்ந்து இந்தக் கையை எடுத்து உன் கையில் வைத்துக்கொள், அது பதிலுக்குப் பிடிக்காது, பரவாயில்லை. பென்சிலை எடுத்து முகத்தைத் தடவிப் பார், மூக்கு மூக்கின் இடத்தில் இருக்கிறதா என்று. நான் ஆடாமல் உட்கார்ந்திருப்பேன்.

தட்டல் இன்னும் கேட்கிறது. நேற்றுப் பதிலுக்குத் தட்டவில்லை, சும்மா கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். உன் பெரியப்பா கடைசியாகக் கேட்டது எதை என்று எனக்குத் தெரியும். தன்னைத் தேடி வந்த சத்தம், தன் பக்கத்தில் வந்து, தன்னைக் கடந்து, தூரமாகப் போவதைக் கேட்டுக்கொண்டே இருந்தான். அதைவிடப் பெரிய பயம் இந்த மண்ணுக்குக் கீழே கிடையாது. நானும் அங்கே இருந்தேன் பாப்பா, நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். நீ வந்தாய், நின்றாய், அளந்தாய். என்னைத் தாண்டிப் போகவில்லை.

டாடி